மாமா ‘போறேன்’ என்றார்

முகப்பேர் கிழக்கு
ஞாயிறு, காலை

அன்புள்ள அக்கா நிவேதிதாவுக்கு,

தம்பி அபிஷேக் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். மாமாவும் நலம் என்று எழுத முடியவில்லை. முதலில் அவர் மாமாதானா என்று தெரிய வேண்டும்.

வாட்ஸப்பில் எழுதாததற்குக் காரணம், என் போனைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியும்.

நீ உன் வீட்டுக்காரரையும் என்னையும் இங்கே விட்டுவிட்டு வாணியம்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாள். அம்மாவிடம் என்ன காரணம் சொன்னாயோ. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நம் படம். அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

எத்தனை பொங்கல் விடுமுறையில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்த படம். ஏதோ ஒரு நிலா. உப்புச் சுரங்கம். ஆறு சிப்பாய்கள். ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அது பயமில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். வருவது அவர்கள் இல்லை, அவர்களை நகலெடுத்த ஜந்து. அதுதான் பயம். முதல் ஒரு மணி நேரம் ஜந்துவைக் காட்டவே மாட்டார்கள். ஈரத் துணியை உதறுவது போல ஒரு சத்தம் மட்டும். அப்புறம் துப்பாக்கிகள். வீரத்தில் அல்ல, பக்கத்தில் நிற்பவனைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் களைத்துப்போய்ச் சுடுகிறார்கள். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஜந்து வந்தது. “ரப்பரு, மச்சான். எங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல இத்த விட சோக்கா மோல்டு அடிப்பாங்க” என்றார் மாமா. நீ டிவியை அணைத்தாய். சாப்பிடும்போது, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றார். ஐந்து வருடமாகச் சொல்வதுதான். இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று போனில் “அவர் எப்படி இருக்கார்? நான் வரலாமா?” என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வராதே.

ஏன்னா, போன திங்கள்கிழமையிலிருந்து அவர் டம்ளர் கழுவுகிறார், கரையான்சாவடியில் அவங்க அம்மா வீட்டில் குடித்த டம்ளரை இடம் மாற்றிக்கூட வைக்காதவர், கழுவிக் கவிழ்த்து வேற வைக்கிறார், என்னை மச்சான்னு கூப்பிடுறதில்ல, அபிஷேக்னு முழுப் பேர் சொல்றார், புதன்கிழமை நான் காலேஜிலிருந்து சீக்கிரம் வந்தா ஹாலில் நம்ம படம் ஓடிக்கிட்டிருக்கு, சத்தமே இல்லாம, இவர் நிறுத்தி நிறுத்தி ஒரு நோட்டில் என்னமோ எழுதுறார், என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியில் சொருகிட்டார், அவர் குளிக்கப் போனப்ப எடுத்துப் பார்த்தேன், “அந்த ஆளு இன்னாத்துக்கு கதவத் தொறந்தான்? வெளிய நிக்கறது அது தான்னு தெரியும்ல? நிவிகிட்ட கேக்கணும்”னு இருக்கு, அக்கா, மனுஷங்க ஏன் கதவைத் திறக்கிறாங்கன்னு அது படிச்சுக்கிட்டிருக்கு, அடுத்த குறி நீதான்.

படத்தில் வரும் சோதனை நினைவிருக்கும். நகல்களுக்கு உப்புக் கரிக்காது. வெள்ளிக்கிழமை சாம்பாரில் நான்கு ஸ்பூன் போட்டேன். ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. அவர் தட்டைக் காலி செய்தார். கண்ணில் நீர். “நல்லா கீது, அபிஷேக்” என்றார். மறுபடி ஊற்றச் சொன்னார்.

இன்று காலை எட்டு மணி. அவர் கையில் பை. செருப்பு மாட்டினார். “போறேன்” என்றார்.

வெறும் போறேன்.

மாடியிறங்கிக் குப்பை கொட்டப் போனால்கூட “போய்ட்டு வரேன்” என்கிறவர். படத்தில் அது மாட்டிக்கொள்வதே இந்தச் சொல்லில்தானே. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, தேடிப் பார்த்தேன். தமிழ் டப்பிங்குக்கு வசனம் எழுதிய யாரோ ஒருவர், பெயர்கூட போடவில்லை, மனிதர்களை எல்லாம் “போய்ட்டு வரேன்” சொல்லவைத்து, அதை மட்டும் “போறேன்” என்று சொல்லவைத்தார். படத்தின் மொத்த மேதைமையும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. எங்கே என்று கேட்கத் துணிவில்லை. தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். யார் கதவைத் தட்டினாலும் முதலில் ஒரு கல் உப்பு கொடுத்துப் பார்.

இப்படிக்கு,
இதுவரை அசலான தம்பி,
அபிஷேக்

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன். “மச்சான், வேலூர் தாண்டிட்டேன்.”

மச்சான் என்றார்.

“எங்க மாமா போறீங்க?”

“உங்க அக்காகிட்டதான்.”

காலையில் ஏன் வெறும் போறேன் என்று கேட்டேன். “வரேன்னு எப்டி சொல்றது? உங்கக்கா வரலன்னா நான் மட்டும் ஊட்டுக்கு வந்து இன்னா பண்ணுவேன்?” அப்புறம், “டேய், அந்த சாம்பார்ல இன்னாத்தடா போட்ட? நாக்கு இன்னும் எரியுது. உப்ப பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு பழகிகினு இருந்தேன்.”

கடைசியாக ஒன்று கேட்டேன். அந்த ஜந்து?

“ரப்பரு ரப்பருதான் மச்சான். அத்த மட்டும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

அசல்தான், அக்கா. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். கடிதம் தபாலில் மெதுவாக வரட்டும், இந்தப் பின்குறிப்பை மட்டும் இப்போதே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அவர் பார்த்தாலும் பரவாயில்லை.

கதவைத் திற.