சுவர் இல்லாத தேர்வு அறை

"நாலு சுவரையும் காட்டுங்க சார்" என்றார் திரையில் தெரிந்த தேர்வு மேற்பார்வையாளர்.

பெசமினோ மடிக்கணினியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். தூண், தூண், தென்னை, பன்றி, கடல், மறுபடியும் தூண்.

"சுவர் எங்கே சார்?"

"எங்க சமோவாவுல அதெல்லாம் கட்டற வழக்கம் இல்லீங்க."

"மூடின அறை இல்லேன்னா தேர்வு ரத்து."

தேர்வு ரத்தானால் பெசமினோவின் வேலையும் ரத்து. தொலைபேசி நிலையத்தில் இருந்த நெட்வொர்க் பெட்டிகள் அத்தனையும் கிராண்டெல் கம்பெனியுடையவை. கிராண்டெல் சான்றிதழ் இல்லாதவன் அவற்றின் தூசியைக்கூடத் துடைக்கக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவன் சான்றிதழோ இன்றோடு காலாவதி.

"சியெனி! ஓலைத் தட்டியெல்லாம் இறக்கு! வாசல்ல நின்னுக்கோ, ஒருத்தரையும் உள்ளே விடாதே!"

மழையும் இல்லாமல் புயலும் இல்லாமல் பட்டப்பகலில் எல்லாத் தட்டியும் இறங்கிய வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு லூசி பதறி ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு உம் புருஷனுக்கு?"

"சத்தம் போடாதேக்கா. உள்ளே அசையாம இருக்காரு. யாரும் பார்க்கக் கூடாதாம்."

லூசிக்கு அது போதும். பெசமினோ மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் வாசலில் அழுகை கிளம்பிவிட்டது. சர்ச் பாடகர் குழு வந்து சாவுப் பாட்டைத் தொடங்கியது.

அந்தக் குழுவின் கட்டைக்குரல் பெசமினோதான். அது இல்லாமல் பாட்டு தொய்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. தன்னையறியாமல் கூடப் பாடினான்.

"உதடு அசையுது சார். முதல் எச்சரிக்கை."

வெளியே லூசி மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, செத்தும் பாடறாரே!"

"நான் சாகலை!" என்று கத்தினான் பெசமினோ.

"ரெண்டாவது எச்சரிக்கை. அடுத்தது ரத்துதான்."

ஊர்த்தலைவர் துவாலா தட்டியைத் தூக்கித் தலையை நீட்டினார். நல்லவேளை, அவர் நின்றது கேமராவுக்குப் பின்பக்கம். பெசமினோ கண்ணாலேயே கெஞ்சினான்.

"உசிரோடதான் இருக்கியா?" என்று கிசுகிசுத்தார் துவாலா. "இப்ப சொன்னா எப்படிடா? பன்றி அடிச்சாச்சு. பேச்சும் தயார் பண்ணிட்டேன். அதை வீணாக்கவா சொல்றே?"

தட்டி இறங்கியது. வெளியே அவர் கைத்தடியை ஊன்றி முழங்கத் தொடங்கினார்.

"அங்கே என்ன சார் சத்தம்?"

"எனக்கு இரங்கல் கூட்டம்ங்க."

"உங்களுக்கேவா?"

"ஆமாங்க."

மேற்பார்வையாளர் விதிகளை நெடுநேரம் புரட்டினார். "இரங்கல் கூட்டத்துக்குத் தடை ஒண்ணும் இல்லை. தொடருங்க."

தான் எவ்வளவு நல்லவன் என்பதைப் பெசமினோ அன்றுதான் தெரிந்துகொண்டான். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கடைசிக் கேள்விவரை முடித்தான். 'தேர்ச்சி' என்று திரையில் பச்சை எழுத்து மின்னியது. வேலை பிழைத்தது! மடிக்கணினியும் கையுமாக வெளியே பாய்ந்தான்.

"பாஸ்! நான் பாஸ்!"

ஒருவரும் கைதட்டவில்லை. வாசலில் நெய்த பாய்களும் மீன் டின்களும் மலையாகக் குவிந்திருந்தன.

"சாவே விழாத வீட்டுக்கு இவ்வளவு செய்முறையா?" என்று மூக்கைச் சிந்தினாள் லூசி.

"மன்னிச்சிடுங்க. அவங்கவங்க பாயை அவங்கவங்க எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான் பெசமினோ.

மடிக்கணினிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அவங்களை அனுப்பிடாதீங்க சார்" என்றார் மேற்பார்வையாளர். "எங்க கிராண்டெல் கம்பெனியை இன்னிக்குக் காலையிலதான் இழுத்து மூடினாங்க."