கவருக்குள் தெரிந்த ஒளி

"அனுப்பு!" என்றது மேடை. பாரத்தின் கட்டைவிரல் ராஜினாமா மெயிலை நோக்கி இறங்கியது. தொடுவதற்குள் போனைப் பிடுங்கினாள் மனைவி முத்துமாரி.

"இன்னாடி பண்றே? முகூர்த்தம் முடியப் போவுது!"

"முடியட்டும். வேளச்சேரி வேலை போச்சுன்னா மீனை வித்து நான் ஒருத்தியே குடும்பத்த இழுக்கணுமா? அஞ்சு நிமிசம் கம்முனு இரு."

தி.நகரின் அந்த ஏ.சி. ஹால் நிரம்பி, படிக்கட்டு வரை ஆட்கள். எல்லாரும் படித்தவர்கள்; பலர் கழுத்தில் கம்பெனி அட்டை வேறு. வந்தது சுயஒளி மாஸ்டர் நல்லசிவத்தைப் பார்க்க. பயோடேட்டாவைக் கவரில் போட்டு ஒட்டித் தந்தால் போதும். அவர் பிரிக்கவே மாட்டார். மேலே உள்ளங்கையை வைத்தால், உள்ளிருந்து கிளம்பும் 'தொழில் ஒளி' உங்கள் திறமையை அவரிடம் சொல்லிவிடும். இருக்கிற வேலையை இன்றே விட்டால் ஒளி பத்து மடங்காகி, பெரிய கம்பெனிகள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

டோக்கன் வாங்கும்போது உங்கள் ஆன்லைன் புரொஃபைல் லிங்கையும் எழுதித் தர வேண்டும். சும்மா, பதிவுக்காக. ஏன் என்று கேட்டால் ஒளி மங்கிவிடும்.

போன வாரம் பாரத்தின் கவரைத் தொட்டவர், அவன் படித்த காலேஜைக்கூடச் சொன்னார். ஊருக்கே தெரியும்படி அவனே நெட்டில் போட்டிருந்த விஷயம்தான். ஆனாலும் புல்லரித்துவிட்டது.

"டோக்கன் நாற்பத்தொன்று!"

முத்துமாரி எழுந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருப்பவள். குரலுக்கு மைக் வேண்டாம்.

"மாஸ்டரே, இது ராணியோட கவரு. அதால வர முடியல."

மாஸ்டர் கவர் மேல் கை வைத்தார். காதை மூடிய பட்டுத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார்.

"கடல் வாசம்... மீன் துறையில் ஆறு வருஷம். முகர்ந்தே தரம் சொல்லும் நிபுணர். நைட் ஷிஃப்ட் பழக்கம். மேற்பார்வையே தேவையில்லை. அடடா, தலைமை ஒளி! மேனேஜர் நாற்காலி காத்திருக்கிறது. உடனே ராஜினாமா செய்யச் சொல்லம்மா!"

கைத்தட்டலில் ஹால் அதிர்ந்தது. பாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மாரி?"

"நீ இதப் பாரு." கவரைக் கிழித்தாள். உள்ளே ஒரு வெள்ளைத் தாள். திருப்பினாள். அந்தப் பக்கமும் வெள்ளை. "இவரு சொன்னது பூரா முந்தாநாள் ராணி பேர்ல நான் நெட்டுல போட்டது. மாஸ்டரே, தலைப்பாகையக் கொஞ்சம் கழட்டு!"

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைக்காரர் ஒருவர் ஏறி இழுத்தார். குட்டி இயர்போன் ஒன்று மைக் பக்கத்தில் விழுந்து, டோக்கன் மேஜைப் பெண்ணின் குரலில் கடமையாகப் பேசிக்கொண்டிருந்தது: "சார், அடுத்தவர் பேங்க்..."

பாரத் மனைவியிடமிருந்து போனைத் திரும்ப வாங்கி, சத்தமில்லாமல் மெயிலை அழித்தான்.

கூட்டத்தில் ஒருவர் தயங்கியபடி கையைத் தூக்கினார். "அந்த ராணி மேடம் நிஜமாவே இருக்காங்களா? எங்க கம்பெனில ஒரு போஸ்ட் காலி..."

"கீது சார். எங்க கடைப் பூனை. நான் போட்டதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல. இன்னா ஒண்ணு, மீன் தலையத் தூக்கிப் போட்டாக்கூட அது மோந்து பாத்துட்டுத்தான் வாய வெக்கும். இவ்ளோ படிச்ச நீங்க அதுகூடப் பண்ணலியே!"