சம்பந்தியம்மாளைக் காருக்குள் அடைத்த கதை

படித்தவன் தப்புச் செய்தால் அதற்கு ஒரு விளக்கமும் கையோடு வைத்திருப்பான். நானும் வைத்திருந்தேன். அந்த விளக்கத்தில் என் மகளின் பெயர் இருந்தது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். எண்ணெய் காற்றுப் பட்டால் நாளடைவில் பிசினாகும் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். (என் மாணவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.)

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உப்புக் காற்றில் கதவுக் கைப்பிடிகள் எல்லாம் இறுகிப்போயிருந்தன. வலப்பக்கப் பின்கதவைத் திறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதை நாங்கள் சுவராகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். மற்ற மூன்றுக்கும் நானே வைத்தியம் ஆரம்பித்தேன். மருந்து, பூஜை அறையிலிருந்த நல்லெண்ணெய்.

என் மகள் மாலினி எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். "அப்பா, அத ஊத்தாதீங்க. மொதல்ல மண்ணெண்ணெய் விட்டு அழுக்க எடுக்கணும். அப்புறம் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். ஞாயித்துக்கெழம நானே பண்றேன்" என்றாள்.

"பொம்பளப் புள்ள தெருவுல நின்னு காரோட மல்லுக்கட்டுனா நல்லாவா இருக்கும்? நீ போம்மா" என்று விரட்டினேன்.

மூன்று நாள் கைப்பிடிகள் வழுக்கிக்கொண்டு திறந்தன. நாலாம் நாள் இறுகின. நான் ஊற்ற, அவை இறுக, மறுபடி நான் ஊற்ற, இப்படியே ஒரு மாதம் ஓடியது.

அப்போதுதான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சேகர், மாலினியோடு வேலை பார்ப்பவன், அவளே தேர்ந்தெடுத்தவன். அவன் அம்மா ராஜம்மா, பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் உழைத்துத் தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவர். "பொண்ண நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றிருந்தார். மாலினி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானோ பேராசிரியர் வீட்டுப் பெருமையைக் காட்ட, "பஸ்ஸெல்லாம் வேண்டாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவர்கள் ஊரான தவளக்குப்பத்துக்குக் காரை எடுத்துப்போனேன்.

அங்கே இடப்பக்கப் பின்கதவு மூன்றாவது இழுப்பில் திறந்தது. ராஜம்மா பட்டுப்புடவையோடு பின்னால் உட்கார்ந்தார், சேகர் முன்னால். எங்கள் வீட்டு வாசலில் நானும் சேகரும் இறங்கிவிட்டோம். ராஜம்மா இறங்கவில்லை.

"சார், கதவு தொறக்க மாட்டேங்குது."

"தோ, ஒரு நிமிஷம்" என்று வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை.

உச்சி வெயில். கண்ணாடி நாலு விரல் அளவுதான் இறங்கும். எதிர்வீட்டு மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சீட்டைத் தாண்டி முன்னால் ஏறி வாருங்கள் என்று அறுபது வயது அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னாங்க சார், நல்லெண்ணெய் வாசன அடிக்குது? கதவுக்கா ஊத்தி வச்சிருக்கீங்க? மில்லுல இப்படி ஊத்தியிருந்தா மேஸ்திரி அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

அந்த இடத்தில்தான் சொன்னேன். "நான் இல்லீங்க. மாலினிதான் தெரியாம ஊத்திட்டா."

வாசலில் நின்ற மாலினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் மண்ணெண்ணெய், ஸ்க்ரூடிரைவர், தையல் மிஷின் எண்ணெய் எல்லாம் எடுத்துவந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்சீட்டைத் தாண்டிப் பின்னால் இறங்கினாள்.

"அத்தை, இந்த ஸ்க்ரூவெல்லாம் கையில வச்சிக்குங்க. கீழ போட்டுறாதீங்க."

"நாலு இருக்குது கண்ணு, நீ வேலையப் பாரு. அந்தக் கொக்கியத் தட்டு... மெதுவா. ஆங், அசையுது, அசையுது!"

கதவின் உள் அட்டையைக் கழற்றி, பூட்டில் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினாள். என் ஒரு மாத வைத்தியம் கறுப்புப் பிசினாக வழிந்தது. டக்கென்று கதவு திறந்துகொண்டது. மாடியில் கைதட்டினார்கள்.

ராஜம்மா இறங்கி, மாலினியின் கறுத்த கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இவ்ளோ வேல தெரிஞ்ச பொண்ணு கதவுக்கு நல்லெண்ணெய் ஊத்துவாளா? நெசத்தச் சொல்லுங்க. யாரு ஊத்துனது?"

"நான்தாங்க" என்றேன், தெருவே கேட்க. "வேணாம்னு சொன்னவள நான்தான் வெரட்டுனேன்."

"அப்ப சரி. எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குது" என்றவர், மகனிடம், "மாமனார நீ சமாளிச்சிக்கடா" என்றார். கேசரி சாப்பிடும் முன்பே, கார் கதவருகிலேயே சம்பந்தம் முடிந்தது.

அன்று மாலை மாலினி மற்ற மூன்று கதவுகளையும் பிரித்தாள். சுவரும் திறந்தது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற நான், தொண்டையைச் செருமி மன்னிப்புக் கேட்டேன்.

"வெளிச்சத்த நேராப் புடிங்கப்பா" என்றாள்.

தவளக்குப்பத்துச் சம்பந்தி வீட்டில் இன்றும் பீரோ, ஃப்ரிட்ஜ், ஜன்னல் எதன் பக்கம் என் கை நீண்டாலும், "சார், நீங்க தொடாதீங்க, நாங்க தொறக்குறோம்" என்று யாராவது ஓடிவருகிறார்கள். புதிதாக வரும் விருந்தாளிகள், பேராசிரியருக்கு எவ்வளவு மரியாதை என்று வியந்துபோகிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களைத் தனியே கூட்டிப்போய் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள்.