மல்லாட்டை அண்ணனின் இருமல்

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். செஞ்சி கடைத்தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பிடித்து வைத்திருந்தவர் மல்லாட்டை அண்ணன் ஒருவர்தான். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. அண்ணன் அதில் மண்டி வைத்திருந்தார். தமிழ் லோயர் பரீட்சையில் வருஷம் தவறாமல் ஃபெயிலாகிவிட்டு, மறுநாளே சிரித்த முகமாக வந்து உட்கார்ந்துவிடுவார். அடிப்பது கொஞ்சம், அடுத்தவன் மிஷினைக் காதால் கேட்டுக் குற்றம் சொல்வதுதான் அதிகம்.

அவருக்கென்றே வந்து வாய்த்தவன் நான். தமிழ் மிஷினில் புள்ளியை முதலில் தட்ட வேண்டும், எழுத்தைப் பிறகு. புள்ளிச் சாவிக்குத் தாள் நகராது. எழுத்து விழுந்தால்தான் நகரும். என் மரமண்டைக்கு இது ஏறினால்தானே? தாள் நகரவில்லையா, சாவி விழவில்லை என்று முடிவுகட்டி இன்னொரு தட்டு. சந்தேகத்துக்கு மேலும் ஒன்று. தாளைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை வழியாக ராஜகிரிக் கோட்டை மலை தெரியும்.

"இன்னாடா, டைப் அடிக்கிறியா, சல்லடை பண்றியா? ஒருவாட்டி தட்டுனா விழுந்துடுச்சுடா. நம்பு!"

"தாள் நகரலியேண்ணே!"

"அது நகராது. நீதான் நகரணும்!"

பாஸானால் எனக்கு ஆபீஸ் உத்தியோகம். இல்லையென்றால் நைனாவின் கடையில் ஆயுசுக்கும் புளி நிறுக்க வேண்டியதுதான். பரீட்சை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பரீட்சையில உனக்குப் பக்கத்து மிஷினைக் கேட்டு வாங்கிக்கிறேன்டா. நீ புள்ளிய ரெண்டுவாட்டி தட்டுனா இருமுறேன். ஒடனே எழுத்துக்குப் போயிடு," என்றார் அண்ணன்.

விழுப்புரத்தில் பரீட்சை. அத்தனை மிஷின்களும் ஒரே நேரத்தில் கிளம்பின. தகரக் கூரையில் மழை கொட்டியது போல் இரைச்சல். பக்கத்தில் ஒரு இருமல். என் விரல் துள்ளி எழுத்துக்குப் போனது. மறுபடி இருமல். அடேயப்பா, இந்த ரகளையிலும் என் புள்ளியைப் பிரித்துக் கேட்கிறாரே! சூப்பர்வைசர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் மரியாதையாகக் குடித்துவிட்டு மறுபடி இருமினார்.

நான் பாஸ். இருமியே நேரத்தைத் தொலைத்த அண்ணன், வழக்கம்போல் ஃபெயில். மண்டிக்கு ஓடினேன்.

"அண்ணே, உங்க காதுக்குக் கோயில் கட்டணும்!"

"அட போடா! அந்தச் சத்தத்துல எம் மிஷினே எனக்குக் கேக்கல. உன்னுது எங்க கேட்டுச்சு?"

"அப்ப எதுக்குண்ணே இருமுனீங்க?"

"பக்கத்துல நான் இருக்கறது ஒனக்குத் தெரியணும்ல?" என்று சொல்லி, கை நிறைய மல்லாட்டையை அள்ளித் தந்தார்.

ரிட்டையரும் ஆகிவிட்டேன். இன்றும் புள்ளியைத் தட்டியதும் என் கை ஒரு கணம் நிற்கிறது. பக்கத்தில் அண்ணன் ஒருமுறை இருமினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!