தம்பிஐயா உலாவியொடு பொருத படலம்

வாழ்க தம்பிஐயா! அலைகடல் மோதும் பொலிகண்டிப் பதியில் பிறந்தோன், சோளகக் காற்றுக்கும் சோராத தோளோன், வாடைக்கும் வளையாத மீசையோன் வாழ்க! லண்டன் மாநகரில் ஒரே மகள் சுபாஜினியின் கழுத்தில் தாலி ஏறும் திருநாளில், விசா கிடைக்காத வெஞ்சினத்தை விழுங்கிக்கொண்டு, பட்டுவேட்டி புனைந்து, கூறைச்சேலை தரித்த கனகாம்பிகை அம்மையார் புடைசூழ, விறாந்தையில் மடிக்கணினியின் முன் அவ்வீரர் போர்க்கோலம் பூண்டதை எப்படிச் சொல்லாமல் விடுவது?

வேலொத்த விரல் நீட்டிக் கலியாண நேரலையைத் தொட்டார். கணினியின் இணைய உலாவி சுழன்றது, ஐயரின் பாதி முகம் தோன்றியது, நாதசுரம் ஒருமுறை விக்கியது, அவ்வளவில் உலாவி வேரறுந்த பனையெனச் சாய்ந்தது. "எழும்படா!" என்று முழங்கி எழுப்பினார். மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் காட்டிவிட்டு மறுபடியும் மாண்டது.

பகைவர் யாரெனில், இறந்தோர் சேனை. காலைதோறும் தேநீரோடு இணையத்தில் மரண அறிவித்தல் பார்க்கும் நம் வீரர், தெரிந்த முகம் கண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அப்பக்கத்தை மூடமாட்டார். செத்தவீட்டில் பாதியில் எழும்பி வருவது மரியாதையா? முடிந்தபின்போ மூட மறந்துவிடுவார். இப்படிக் கனடாவிலும் பிரான்சிலும் கண்மூடிய உற்றார் உறவினரெல்லாம் மாலையும் விளக்குமாய் உலாவியின் முதுகில் ஏறியிருந்தனர். பாவம், அது எத்தனை பேரைத்தான் சுமக்கும்!

"இஞ்சாருங்கோ, நல்ல நாளும் அதுவுமா இத்தினை செத்தவீடோ? எல்லாத்தையும் ஒரேயடியா மூடுங்கோவன்!" என்றார் அம்மையார்.

சிங்கம் சிலிர்த்தது. "வந்த சனத்தைக் குப்பை மாதிரிக் கூட்டித் தள்ளுறதோ? ஒவ்வொருத்தரா மரியாதையா அனுப்பிறன்!"

அனுப்பினார். புயலில் கூடவே வள்ளம் வலித்த அருட்செல்வனைக் கைகூப்பி அனுப்பினார். சீட்டாட்டத்தில் கள்ளமடித்த ஜெயசுதனை மன்னித்து அனுப்பினார். குணலட்சுமி மச்சாளிடம் கண்கலங்கி, வாழ்க்கைக் குறிப்பை இன்னொருதரம் வாசித்தே அனுப்பினார். மகளை ஒருதரம் மணவறையில் கண்டுவிட வேண்டுமென்று தவித்தார். ஆயினும் முறை தவறவில்லை. "கெதியா, கெதியா!" என்று அம்மையார் பல்லைக் கடித்து அவசரப்படுத்தினார்.

கடைசி மாலையும் மறைந்தது. சுமையிறங்கிய உலாவி, காற்றுக் கிடைத்த பாய்மரத் தோணியெனப் பாய்ந்தது. வெற்றி! திரை ஒளிர்ந்தது, வீரர் மனைவியின் கையைப் பற்றினார், இருவரும் மூச்சடக்கி முன்னே குனிந்தனர்.

லண்டன் மண்டபத்தில் சனம் எழும்பிப்போன கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.