எழுவைதீவில் கச்சேரி

பின்னேரம் நாலேகாலுக்கு வேலணைப் பாடசாலை மண்டபத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் மேடையில். மற்ற நாலு பேரில் இருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்.

பஸ் வந்தது.

பாடகர் தம்பிஐயா பல்லவியை மறுபடி எடுத்தபோது கேட்பதற்கு இரண்டு பேரும் எழுபது கதிரைகளும் மிஞ்சின. கதிரைகள் கடைசிவரை இருந்தன.

இது 1967ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் 'தீவுப்பகுதி இலவசக் கோடைக் கச்சேரி' வரிசையில் முதலாவது. ஊர் ஊராகப் போய் நல்ல சங்கீதத்தைச் சனங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது நோக்கம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நோட்டீஸில் போடாத நோக்கம் ஒன்றும் இருந்தது. கச்சேரிக் குழுவின் தலைவர் ஆழ்வாப்பிள்ளை, ஊர்காவற்றுறையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி தம்பிஐயா. தம்பிஐயா முறையாகச் சங்கீதம் படித்தவர். படித்த நாளிலிருந்து அவரை ஒருவரும் பாட அழைத்ததில்லை. ரிக்கற் போட்டால் வராத சனம் இலவசமென்றால் வரும் என்று வீட்டில் முடிவாயிற்று.

செயலாளர் குலசிங்கம். அரசாங்க அதிபரின் கந்தோரில் கிளாக்கர். வயது முப்பத்து மூன்று. சங்கீதத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆழ்வாப்பிள்ளையின் மகள் சறோஜினிதேவியைத் தெரியும். தையில் தொடங்கிய கலியாணப் பேச்சு, சாதகம், சீதனம் எல்லாம் தாண்டி, தாய்மாமனில் வந்து நின்றது.

"தாய்மாமன் ஓம் எண்டாப் பிறகுதான் கலியாண எழுத்து," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "மச்சான் சந்தோஷமா இருந்தால் எதுக்கும் ஓம் எண்டிடுவார்."

"எப்ப சந்தோஷமா இருப்பார்?"

"சனம் இருந்தால்."

அடுத்த ஊரான மண்கும்பானுக்குக் குலசிங்கம் ஒரு வழி கண்டான். நோட்டீஸின் அடியில் ஒரு வரி சேர்த்தான். 'கச்சேரி முடிவில் தேநீரும் வடையும் வழங்கப்படும்.'

சனம் வந்தது. நோட்டீஸைக் கவனமாக வாசித்துவிட்டு வந்தது. தம்பிஐயா மங்களம் தொடங்கும்போது கடற்கரை மணலில் ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது.

முன்னால் வந்தவர் கேட்டார். "இன்னும் முடியேல்லையோ?"

"இந்தா, முடியுது," என்றான் குலசிங்கம்.

"அவசரமில்லை. நாங்கள் வடைப் பக்கம் நிக்கிறம்."

தம்பிஐயா மங்களத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். காரில் ஏறும்வரை பேசவில்லை. ஏறியதும் பேசினார்.

"நான் வடைக்கு முன்னுக்குப் பாடுறவனில்லை."

"சனம் வந்தது தானே, மாமா."

"நான் இன்னும் உமக்கு மாமா இல்லை. எழுவைதீவிலையும் இப்பிடியெண்டால் அக்காவிட்டைச் சொல்லிப்போடுவன். ஒரு கூட்டத்தைக் கூட்ட ஏலாதவர் குடும்பத்தை என்னெண்டு நடத்துவார்?"

எழுவைதீவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டாம் என்று குலசிங்கம் தீர்மானித்தான். வள்ளக்காரரிடம் சொல்லி அனுப்பினால் போதும். என்ன சொல்லி அனுப்புவது என்று இருந்து யோசித்தான். வடையை வெட்டினான். 'இலவச' என்பதை வெட்டினான். சும்மா கொடுப்பதைச் சனம் சந்தேகப்படுகிறது. 'கோடை' வெக்கையை நினைவூட்டியது. 'சங்கீதம்'தான் எல்லாவற்றிலும் மோசம். சனத்தை விரட்டக்கூடிய சொற்களை எல்லாம் வெட்டி முடித்தபோது மிஞ்சியது இவ்வளவுதான்: 'சனிக்கிழமை பின்னேரம் கச்சேரி வருகிறது.'

தன் வாழ்க்கையில் எழுதிய வசனங்களில் அதுவே சிறந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சோளகக் காற்று பலமாக இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து போன வள்ளத்தில் மிருதங்கக்காரர் சில்வெஸ்ரர் மிருதங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பிஐயா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குமட்டி இரண்டு முறை சத்தி எடுத்தார். இரண்டாவது மேல் ஸ்தாயியில் இருந்தது.

கரையில் முழுத் தீவும் நின்றது. ஆண்கள் வெள்ளை வேட்டியில், பெண்கள் கோயிலுக்கு உடுக்கிற சேலையில். தம்பிஐயா எழுந்து பார்த்தார். முகத்துக்கு நிறம் வந்தது.

"இவ்வளவும் எனக்கோ?"

"வேறை ஆருக்கு, மாமா?"

இந்த முறை அவர் திருத்தவில்லை.

குலசிங்கம் இறங்கிப் பார்த்தான். நின்ற ஒவ்வொருவர் கையிலும் மடித்த கடுதாசி ஒன்று இருந்தது.

"கச்சேரி வந்திட்டுது!" என்று முன்னால் நின்றவர் பின்பக்கம் திரும்பிக் கத்தினார். அவர் மனுவேல், ஊர் மூப்பர். "வரிசையா நில்லுங்கோ. காணி கேக்கிறவை இந்தப் பக்கம். பிச்சைச் சம்பளம் கேக்கிற ஏழையள் அந்தப் பக்கம்."

குலசிங்கத்துக்கு விளங்கியது. பாட்டுக்கும் கச்சேரி என்றுதான் பெயர். அரசாங்க அதிபரின் கந்தோருக்கும் கச்சேரி என்றுதான் பெயர். இரண்டிலும் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் இந்த நாட்டில் ஒரே சொல் போதுமாக இருந்தது. தீவுப்பகுதி மனுக்கள் கச்சேரியில் குலசிங்கத்தின் மேசைக்குத்தான் வரும். வந்தவை எல்லாம் அங்கேயே பத்திரமாக இருந்தன.

மனுவேலைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"மூப்பர், இது பாட்டுக் கச்சேரி."

"பாட்டோ? ஆர் பாடுறது?"

"அந்தா நிக்கிறார்."

மனுவேல் தம்பிஐயாவின் பட்டுச் சால்வையைப் பார்த்தார். "பெரியவரே பாடுவாரோ? பாடட்டும். செபம் சொல்லித்தானே எதையும் துவங்கிறது."

"இல்லை, மூப்பர். பாட்டு மட்டுந்தான். மனு எடுக்கிறதில்லை."

"அப்ப சனத்தைப் போகச் சொல்லட்டோ?" மனுவேல் கையை வாயருகே வைத்துக் கத்தத் தயாரானார்.

அங்கே தம்பிஐயா சனத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சனமும் அவரைக் கும்பிட்டது.

"நில்லுங்கோ, நில்லுங்கோ," என்றான் குலசிங்கம். "எடுப்பம். பாட்டு முடியட்டும். அதுவரைக்கும் சனம் இருக்குமோ?"

"கச்சேரி ஐயா, பன்னிரண்டு வருஷம் மறுமொழிக்கு இருந்தனாங்கள். ஒரு பாட்டுக்கு இருக்க மாட்டமோ?"

இருந்தார்கள். ஊர் போட்டு வைத்திருந்த பந்தலின் கீழ் வரிசை பிசகாமல், இருமாமல், கடுதாசியை நெஞ்சோடு பிடித்தபடி. அரசாங்கத்துக்கு முன்னால் இருந்து பழகிய அமைதி. இப்படி ஒரு சபையைத் தம்பிஐயா கனவில்தான் கண்டிருந்தார்.

முதல் கீர்த்தனை நடுவில் அருளம்மா என்ற பெண் எழுந்து வந்தாள். கடுதாசியை மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் வரிசை.

"என்ன கடுதாசி?" தம்பிஐயா மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். கண்ணாடி மேடைக்கு வடிவில்லை என்று அவர் அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்.

"விருப்பப் பாட்டு, மாமா," என்றான் குலசிங்கம்.

"எழுதியோ கேக்கினம்!"

"எழுதித்தான்."

"என்ன ராகமாம்?"

குலசிங்கம் அருளம்மாவின் கடுதாசியைப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று அதில் இருந்தது. அவனுக்குத் தெரிந்த ராகத்தின் பெயர் ஒன்றே ஒன்று.

"மோகனமாம்."

"அடுத்தது?"

"அதுவும் மோகனம்."

"அதுக்கடுத்தது?"

"எல்லாரும் மோகனந்தான், மாமா."

தம்பிஐயாவின் கண் கலங்கியது. "ஞானமுள்ள சனம்," என்றார். சொல்லிவிட்டு மோகனத்தை எடுத்தார். எடுத்ததை வைக்கவில்லை.

மோகனத்தில் அவர் தலை ஆடும். கை ஏறும். கண் மூடும். சனம் அவரைக் கண்ணிமைக்காமல் பார்த்தது.

"கச்சேரி ஐயா," என்று மனுவேல் மேடையோரத்துக்கு வந்து கிசுகிசுத்தார். "அருளம்மாவின்ரை கிணத்துக்குப் பெரியவர் தலையாட்டிப்போட்டார். குறிச்சுக் கொள்ளுங்கோ."

"அது ராகத்துக்கு, மூப்பர்."

"எதுக்கெண்டாலும் ஆட்டினது ஆட்டினதுதானே. இறங்குதுறை கேட்டதுக்குக் கையை மேலை காட்டுறார். மேலிடத்திலை கேக்க வேணுமாமோ?"

"மூப்பர், தயவு செய்து இருங்கோ."

"பிச்சைச் சம்பளத்துக்குக் கண்ணை மூடிப்போட்டார்," என்றார் மனுவேல் துக்கத்தோடு. "அதுக்கு எல்லாரும் அப்பிடித்தான்."

மோகனம் ஒருவாறு தீர்ந்து, சில்வெஸ்ரர் தனியாக மிருதங்கம் வாசிக்கத் தொடங்கினார். மற்ற ஊர்களில் சனம் எழுந்து போகிற இடம் அது. மனுவேல் மறுபடி வந்தார். அவர் கையில் இப்போது பெரிய கட்டு.

"எல்லாத்துக்கும் இரண்டு பிரதி எழுதினனாங்கள், ஐயா. ஒண்டு உங்களுக்கு. மற்றதிலை 'நேரில் பெற்றுக்கொண்டேன்' எண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தாருங்கோ. பதவியும் போடுங்கோ."

குலசிங்கம் தன் உத்தியோகத்தில் ஒருபோதும் எழுதாத வசனம் அது. அந்த வசனம் எழுதிய கடுதாசி தொலையாது. கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல ஏலாது.

"அது பிறகு பாப்பம்."

"சரி, ஐயா." மனுவேல் சபையின் பக்கம் திரும்பினார். "சனம் எழும்பட்டோ?"

குலசிங்கம் பேனையை எடுத்தான்.

பத்தாவது கடுதாசியில் தம்பிஐயாவின் நிழல் விழுந்தது. "நீர் என்ன எழுதுறீர்?"

"சனம் கையெழுத்துக் கேக்குது, மாமா. உங்களுக்கு ஏன் கரைச்சலெண்டு நான்…"

"என்ரை கையெழுத்தை நீர் வைக்கிறதோ? தாரும் இஞ்சை!"

பேனையைப் பறித்தார். கடுதாசிக்குக் குறுக்காக, மூலைக்கு மூலை, 'அன்புடன் தம்பிஐயா' என்று எழுதினார். மனுவேல் வாங்கிப் பார்த்தார்.

"பெரியவரின்ரை ஒப்பம் நல்ல வடிவு. ஆனால் கிளாக்கரின்ரை ஒப்பம் இல்லாட்டில் கச்சேரியிலை எடுக்க மாட்டினம்."

"அவர் என்ன சொல்லுறார்?" என்றார் தம்பிஐயா.

"செயலாளரும் வைக்க வேணுமாம், மாமா. ஞாபகத்துக்கு."

"வையும், வையும். என்ரை பேருக்குக் கீழை வையும்."

சில்வெஸ்ரருக்கு நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இருவரும் ஒப்பம் வைத்து முடிக்கும்வரை அவர் வாசித்தார். எழுவைதீவின் காணிகள், கிணறுகள், சம்பளங்கள் எல்லாம் அன்புடனும் பதவியுடனும் பெற்றுக்கொள்ளப்பட்டன.

பிறகு மங்களம். நிறைந்த சபைக்கு முன்னால் தம்பிஐயா மங்களத்தை முடித்தது அதுவே முதல்தரம். முடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. அவர் மைக்கை இழுத்து வாயோடு வைத்தார்.

"இந்தத் தம்பியை நான் பிழையா நினைச்சுப் போட்டன். சபையறிய மன்னிப்புக் கேக்கிறன். வாற புதன்கிழமை என்ரை மருமோளுக்கும் இவருக்கும் கலியாண எழுத்து!"

சனம் கை தட்டியது. மோகனத்துக்குத் தட்டியதைவிடக் கூடுதலாகத் தட்டியது. தம்பிஐயா அதையும் மோகனத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெயில் சாய முன்னர் வள்ளம் புறப்பட வேண்டும். தம்பிஐயா ஏறி இருந்துகொண்டு, மாதம் ஒரு முறை எழுவைதீவுக்கு வரவேண்டும் என்று சில்வெஸ்ரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனுக்கள் ஒரு சாக்கில் இருந்தன. சாக்கைத் தூக்கியபோது அதன் பாரம் குலசிங்கத்துக்குத் தெரியவில்லை. புதன்கிழமை மட்டும் தெரிந்தது.

அருளம்மா கருவாட்டுப் பொட்டலம் ஒன்றோடு துறைக்கு வந்தாள்.

அவனுக்கு அவளைப் பார்க்க இரக்கமாக இருந்தது. இந்தச் சனம் அரசாங்கமென்று நம்பி ஒரு மனிதனின் தலையாட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. இனி ஒரு வார்த்தை இதமாகச் சொன்னால் குறைந்துபோகாது.

"உங்களுக்குச் சரியான கரைச்சல், அக்கா. பாட்டு ஒண்டும் விளங்கியிராது."

"ஏன் விளங்காது? மோகனம் நல்லாத்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் குறைச்சு ஒரு காம்போதி பாடியிருக்கலாம்."

குலசிங்கம் சாக்கைக் கீழே வைத்தான்.

அருளம்மா பொட்டலத்தை அதன்மேல் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஊர்காவற்றுறைத் தபால் ஐயா வீட்டு அடுப்படி வாசலிலை மீன் குடுக்கிறது நான்தான், தம்பி. உங்கட கலியாணப் பேச்சு மாமனிலை வந்து நிக்குதெண்டு கேட்ட அண்டு, தம்பியாரைத் தீவு தீவாப் பாட விடுங்கோவன் எண்டு அம்மாவின்ரை காதிலை போட்டனான். இல்லாட்டில் கச்சேரிக் கிளாக்கர் ஒருத்தர் இந்தக் கடலைத் தாண்டுவாரே? அது கிடக்கட்டும், இனி எங்களுக்கு ஒரு டொக்குத்தர் வேணும். கலியாணம் பேசிக்கொண்டு நிக்கிற டொக்குத்தர், பாடுற மாமனோடை ஒரு பொம்பிளை, அப்பிடி ஆரும் உங்கட அறிவிலை இருக்கினமோ?"