மணிக்கு எழுபத்தொரு கிலோமீட்டர்

இனி மலை ஏறுவதில்லை என்று நான் சபதம் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. வேண்டுமானால் அவள் இறங்கி வரட்டும். ஆம்பளை சொன்னால் சொன்னதுதான்.

அவள் என்றால் என் மனைவி நிர்மலா. கிராம நர்ஸ். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். அங்கேயே குடியிருப்பு. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவாள். திங்கள் விடியலில் ஏறிவிடுவாள். நடுவில் ஐந்து நாள் நானும் வீடும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருப்போம்.

நான் பிச்சைமுத்து. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கும் டிராக்டர் டிரைவர். இருபது வருஷமாக மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. ஆலை வாசல் வரிசையில் மாட்டினால் அதுவும் கிடையாது. "இவரு கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடிஞ்சப்புறம்தான் வந்தாரு" என்று நிர்மலா ஊரெல்லாம் சொல்லுவாள். சுத்தப் பொய். முடிய இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

சபதத்துக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. ஒரு சனிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் இல்லாம வூடு எப்படி இருக்குது?"

ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது, உன் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கில் சனி.

"நிம்மதியா இருக்குது" என்றேன்.

"அப்படிங்களா?"

நிர்மலா எனக்கு 'ங்க' போட்டால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப நல்லா நிம்மதியாவே இருங்க. நீங்களா வந்து கூப்புட்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேங்க."

அதற்குப் பதிலடிதான் என் சபதம்.

முதல் வாரம் நிஜமாகவே ராஜாவாக இருந்தேன். துண்டைக் கட்டில்மேல் போட்டேன். கேட்க நாதியில்லை. இரண்டாம் வாரமும் போட்டேன். மூன்றாம் வாரம், "துண்ட ஏன்யா கட்டில் மேல போட்ற?" என்று நானே என்னைத் திட்டிப் பார்த்தேன். அவள் திட்டுவதில் இருக்கும் காரம் அதில் இல்லை. கொடியில் என் லுங்கி மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஸ்கூட்டரை எடுத்தேன். வண்டி அவள் பேரில் இருக்கிறது. சபதத்தை மீறவில்லை. தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் மலை ஏறுவது ஆகாது. அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தே கால். குடியிருப்பு பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் அவள் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். நான் இல்லாமல் ஜாலியாக ஊர் சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டேன்.

நேற்று தபாலில் ரோட்டுக் கேமரா பிடித்த அபராத நோட்டீஸ் வந்தது. கச்சிராயபாளையம் ரோடு. ஞாயிறு மாலை நாலு பத்து. போக வேண்டிய வேகம் நாற்பது. போன வேகம் எழுபத்தொன்று. போட்டோவில் ஸ்கூட்டர் மேல் குனிந்தபடி பறப்பவன் சாட்சாத் நான்தான். முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். தேதியும் இடமும் போட்டிருக்கிறார்களே. நிர்மலா பார்த்தால் சபதம் சந்தி சிரித்துவிடும்.

நல்லவேளை, மேலே டவர் கிடையாது. முன்பெல்லாம் அவள்தான் கூப்பிடுவாள். நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வரும். அவளுக்கு அபராத மெசேஜ் போயிருக்க வாய்ப்பில்லை. கமுக்கமாக முடித்துவிட வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் குமாரிடம் நோட்டீஸை நீட்டினேன்.

"அண்ணா, இது நீங்களா? எழுபத்தொண்ணா?" 

"மெதுவா பேசு. இன்னா பண்ணலாம், சொல்லு."

"ஒண்ணு, கட்டிடலாம். இல்லாட்டி இது எங்க வண்டியே இல்லைன்னு ஆட்சேபனை எழுதிப் போடலாம்."

"அத எழுது. அன்னிக்கு வண்டி ஆலை வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சுன்னு எழுது."

"எழுதலாம். ஆனா ரெண்டுக்குமே அபராத வெப்சைட்டுல பக்கத்தத் தொறக்கணும். ஓடிபி அக்கா நம்பருக்குத்தான் போவும். இதோ போயிடுச்சு. பத்து நிமிஷந்தான் டைம்."

மணி நாலரை. நம்பிக்கை இல்லாமல்தான் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க."

'ங்க' அப்படியே இருந்தது. ஐந்து வாரம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல. ஒரு ஓடிபி வந்திருக்கும். காஸ் புக் பண்றேன்."

"காஸ்காரன் எப்பலேருந்து வேகமா போறவங்கள புடிக்கிறான்? மெசேஜ்ல அபராதம்னு போட்டிருக்குதே."

குமார் என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். நம்பர் தப்பாகிவிடக் கூடாதாம்.

"ஆறு நம்பர் இருக்குதுங்க" என்றாள். "ஒரு நம்பருக்கு ஒரு கேள்வி. உண்மைய சொன்னா நம்பரு. அன்னிக்கு எங்க போனீங்க?"

"உரம் வாங்க."

"ஞாயித்துக்கெழம எந்தக் கடை தொறந்திருக்கும்?"

"எட்டு நிமிஷந்தான் இருக்குண்ணா" என்றான் குமார்.

"மேல வந்தேன்."

"நாலு. எதுக்கு?"

"அணையப் பாக்க."

"அணை மலைக்குக் கீழயே இருக்குது."

"உன்னப் பாக்க."

"ஏழு. பாத்தீங்களா?"

"வூடு பூட்டிக் கெடந்துச்சு. நீ ஜாலியா எங்கியோ..."

இரண்டு தடவை ஹலோ சொன்னேன். டவர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"பாறை மேல இருந்தேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஊருக்கு வெளிய ஒரு பாறை. அங்கதான் டவர் கெடைக்கும். தெனம் நாலு மணிக்கு ஏறி, ஆறு வரைக்கும் குந்திக்கினு இருப்பேன். நீ போன் பண்ணுவன்னு. இப்பவும் அங்கதான் இருக்கேன். அன்னிக்கு அஞ்சே காலுக்கு மெசேஜ் வந்துச்சு. கச்சிராயபாளையம்னு போட்டிருந்துச்சு. எங்கிட்ட வர்ற ரோடாச்சே. செருப்பு அந்துபோவ ஓடியாந்தேன். வாசல்ல வண்டித் தடந்தான் கெடந்துச்சு."

'ங்க' போய்விட்டதைக் கவனித்தேன். குமார் மேஜை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு" என்றாள். "சாப்புட்றியா?"

"பரோட்டா."

"ஒம்போது. தூங்குறியா?"

"எங்க தூங்குறது?"

"ஒண்ணு. கடைசிக் கேள்வி. நிம்மதியா இருக்கியா?"

கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம் பாக்கி என்று குமார் விரலைக் காட்டினான்.

"இல்ல நிர்மலா. நீ இல்லாம ஒண்ணும் நல்லா இல்ல."

"ஆறு."

குமார் தட்டினான். பக்கம் திறந்தது. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணா, இது பத்து நாளைக்கு முன்னாடியே கட்டியாச்சு."

"யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றது போன். "மறுநாளே பாறை மேல நின்னு கட்டிட்டேன்."

தபால் என்னைவிட மெதுவாக வந்திருக்கிறது.

"அப்ப இந்த ஆறு நம்பரு எதுக்குடி?"

"நானா கேட்டேன்? நீதான கேட்ட."

"கட்டாம இருந்திருக்கலாமே. நம்ம வண்டியே இல்லைன்னு எழுதிப் போட்டிருக்கலாம்."

"எழுதுவியா? கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னப் பாக்க நீ ஒருவாட்டியாவது வேகமா வந்திருக்கியா? வந்தன்னு கவர்மெண்டே போட்டோ புடிச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்குது. அத இல்லைன்னு எழுதுவியா? குமாரு, அந்தக் காயிதத்த லேமினேஷன் போட்டு அவருகிட்ட குடு. ஞாயித்துக்கெழம அவரே மேல கொண்டாந்து குடுக்கட்டும். சேந்தே எறங்குறோம்."

போனை வைத்துவிட்டாள்.

வேண்டுமானால் அவளே இறங்கி வரட்டும் என்று ஐந்து வாரம் வீறாப்பாக இருந்தவன், லேமினேஷன் சூடு ஆறட்டும் என்று குமார் கடை வாசலில் நின்றேன்.